கிராப்பிள் பிடி தளர்கிறதா?

கேள்வி: ஸ்கிட் ஸ்டீர் லோடரில் (சிறிய சுமைதூக்கும் வண்டி) மாட்டிய கிராப்பிள் (ஹைட்ராலிக் கவ்வித் தாடை), மரத்துண்டைக் கவ்விய சில நிமிடங்களில் தானாகத் தளர்கிறது. வெளியே ஆயில் கசிவு இல்லை. சிலிண்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயிலைத் தடுக்கும் பிஸ்டன் சீல் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே மறுபக்கம் தாண்டலாம். ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் லோடரின் வால்விலும் கசியலாம். சுமையில்லாமல் கிராப்பிளைத் தரையில் இறக்கி, தாடையை முழுக்க மூடுங்கள். இன்ஜினை அணைத்து ஹோஸ் அழுத்தத்தை வெளியேற்றியபின், திறப்புப் பக்க ஹோஸை சிலிண்டரிலிருந்து கழற்றி, ஹோஸின் வாய்க்கு மட்டும் அடைப்பான் போடுங்கள்; சிலிண்டரின் துளை திறந்தே இருக்கட்டும். இனி மூடும் பக்கம் மட்டும் அழுத்தம் கொடுங்கள். முதலில் சொட்டும் மிச்ச ஆயிலைப் பொருட்படுத்த வேண்டாம். கழற்றிய துளையில் ஆயில் நிற்காமல் வந்தால் சீல் போய்விட்டது; சீல் கிட் மாற்றினால் போதும், ஆனால் சிலிண்டரின் உட்சுவரிலோ ராடிலோ (வெளியே நீளும் தண்டு) கீறல் இருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும். ஆயில் வராவிட்டால் வால்வைப் பாருங்கள். இரண்டு சிலிண்டர் என்றால் தனித்தனியே சோதியுங்கள். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. காகித அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசிபோல் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கிராப்பிளின் மூட்டு பின்களுக்கு (தாடை அசையும் அச்சுத் தண்டுகள்) 8 முதல் 10 மணி நேர வேலைக்கு ஒருமுறை கிரீஸ், பழையது பிதுங்கி வெளியேறும்வரை.

கேள்வி: எவ்வளவு பெரிய கிராப்பிள் வாங்கலாம்?

பதில்: லோடரின் இயக்கத் திறன், அதாவது பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடை, என்பது வண்டி முன்பக்கம் கவிழும் எடையில் பாதி. பக்கெட்டைவிட கிராப்பிள் எத்தனை கிலோ கூடுதலோ, அத்தனை கிலோ தூக்கும் சுமையில் குறையும். ஒழுங்கற்ற வேர், கிளைகளுக்குத் தனித்தனியே மூடும் இரட்டைத் தாடையே நல்லது.