நாகர்கோவில் பக்கம் வீட்டில் இருந்தபடியே, இணையக் குழுக்கள் மூலம் வேலை பிடித்துக் கூடுதல் வருமானம் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் கேள்விக்குக் கீழே, "டெலிகிராமில் இருக்கும் வேலைவாய்ப்பு குரூப் எல்லாவற்றிலும் சேர்ந்தாச்சு, ஒன்றும் அமையவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. வேலை என்று பெயர் போட்ட குரூப்பில் வேலை கொடுக்கிற ஆள் இருப்பது அபூர்வம். உங்களைப் போல வேலை தேடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், அவர்களிடம் காசு பிடுங்க வந்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள். எனக்கு முதல் வேலை கிடைத்தது, வேலை என்ற பேச்சே எழாத ஒரு குழுவில்.

டிகிரி முடித்து, கைக்குழந்தையோ வயதான மாமியாரோ இருப்பதால் திருவனந்தபுரம் வரை தினமும் போய்வர முடியாதவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் உங்களுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நானும் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க் ஐடி வளாகத்தில் ஒரு கம்பெனியில் இருந்தவள்தான். காலையில் குழித்துறையில் ரயில் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். மகன் பிறந்ததும் விட்டுவிட்டேன்.

எனக்கு அம்மா வீடு வள்ளவிளை. அங்கிருந்து கொஞ்சம் மேற்கே போனால் நீரோடி, அதைத் தாண்டினால் பொழியூர், கேரளா. அதுவரை கேரளப் பக்கம் இருந்த எங்கள் விளவங்கோடு தாலுகா 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் கடற்கரைப் பேச்சுக்கு எல்லை கிடையாது. வீட்டில் தமிழ், டிவியில் மலையாளம், கடற்கரையில் இரண்டும் கலந்து இன்னொன்று. இது ஒரு தகுதி என்று எந்த பயோடேட்டாவிலும் நான் எழுதியதில்லை.

வீட்டில் இருந்த காலத்தில், சப்டைட்டில் போடுகிறவர்கள் கூடுகிற ஒரு ஃபேஸ்புக் குழுவில் சேர்ந்தேன். சம்பாதிக்க இல்லை, பொழுது போகத்தான். "எஸ்ஆர்டி ஃபைலில் (சப்டைட்டில் ஃபைல்) தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறதே" என்று யாராவது கேட்பார்கள். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்து, தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். இப்படிச் சில்லறை பதில்கள்.

ஒருநாள் யாரோ ஒரு நிமிடத் துணுக்கு ஒன்றைப் போட்டு, "இந்தப் பெரியவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டிருந்தார். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில் தப்பிய மீனவர்களின் பேட்டி. சென்னைக்காரர்கள் இது மலையாளம் என்றார்கள், கொச்சிக்காரர்கள் இது தமிழ் என்றார்கள். பெரியவர் வாயில் வெற்றிலை, பின்னால் காற்று, எங்கோ என்ஜின் சத்தம். மகனைத் தூங்கவைத்துவிட்டு ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். வள்ளம் (படகு) கவிழ்ந்ததும் காலி கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு கிடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் தாத்தா பேசுகிற மாதிரியே இருந்தது. ஒவ்வொரு வரியையும் நிமிடம், நொடி போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தையும் எழுதிப் போட்டேன். இரண்டு இடத்தில் காற்றுச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அங்கே ஊகித்து நிரப்பாமல் "கேட்கவில்லை" என்றே எழுதினேன்.

மறுநாள் துணுக்கைப் போட்டவரிடமிருந்து உள்பெட்டியில் தகவல். பேட்டிகள் முழுவதையும் செய்து தர முடியுமா, நிமிடத்துக்கு எவ்வளவு கேட்பீர்கள் என்று. அந்த "கேட்கவில்லை"தான் தன்னை நம்பவைத்தது என்று அவர் பின்னால் சொன்னார். அதில் வந்த பணம் டெக்னோபார்க்கில் ஒரு மாதம் வாங்கியதில் பாதிக்கு மேல். செய்ததெல்லாம் இரவு, மகன் தூங்கிய பிறகு.

உடனே ஒருத்தர் வந்து "இது அதிர்ஷ்டம், எல்லோருக்கும் நடக்காது" என்பார். இருக்கலாம். ஆனால் அந்தத் துணுக்கை அத்தனை பேர் பார்த்தார்கள், உட்கார்ந்து எழுதியது நான். இன்னொருவர் "ஏஐ வந்தாச்சு, இனி மொழிபெயர்ப்பை யார் தருவார்" என்பார். உண்மைதான், ரேட் குறைந்துவிட்டது. இயந்திரம் செய்ததைத் திருத்திக் கொடுங்கள் என்று குறைந்த காசுக்கு வருகிற வேலைதான் இப்போது அதிகம். ஆனால் வெற்றிலை போட்ட, எங்கள் கடற்கரைத் தூத்தூர் தாத்தா பேச்சு இன்னும் அதற்குப் பிடிபடவில்லை. பிடிபடும் அன்றைக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்வேன்.

அதற்கப்புறம்தான் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளை ஒழுங்காகக் கற்றேன். மொழிபெயர்ப்பாளர்களுக்கு 1999-லிருந்து இருக்கிற புரோஸ் தளத்திலும் சேர்ந்தேன். அங்கே குடோஸ் என்று ஒரு பகுதி உண்டு. சொல் தெரியாமல் ஒருவர் கேட்பார், மற்றவர்கள் பதில் போடுவார்கள், நல்ல பதிலுக்குப் புள்ளி. புள்ளி ஏற ஏற, ஆள் தேடுகிற மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்கு உங்கள் பெயர் மேலே தெரியும். அதைவிட எனக்குப் பிடித்தது ப்ளூ போர்டு. எந்த ஏஜென்சியோடு மறுபடி வேலை செய்வீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர்களே 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிற இடம். காசு தராமல் இழுத்தடிக்கிறவர்களின் வண்டவாளம் அங்கே தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் யாருக்கும் நான் சரி சொல்வதில்லை.

அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளம் பற்றிக் கேட்பீர்கள். விண்ணப்பிக்கவே கனெக்ட் என்ற டோக்கன் வேண்டும், காசு கொடுத்து வாங்கினால் ஒன்று 0.15 டாலர், ஒரு விண்ணப்பத்துக்குப் பல கனெக்ட் போகும். கிடைத்த பணத்திலும் கமிஷன் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கு ஒத்துவரவில்லை. கோடிங் தெரிந்தவர் என்றால் நிரல்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் மற்றவர்களின் புராஜெக்டில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்திக் கொடுப்பது, கணக்கு தெரிந்தவர் என்றால் டாலி என்ற கணக்கு மென்பொருள் பற்றிய குழுக்கள். எந்தத் துறையானாலும் வேலை கேட்கிற இடத்தை விட்டு, வேலை செய்கிறவர்கள் சந்தேகம் கேட்கிற இடத்துக்குப் போங்கள்.

மோசடி பற்றிச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி, இன்ஜினியரிங் முடித்த பையன். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடும் வேலை. முதலில் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் விழுந்தது, அம்மாவிடம் காட்டிச் சந்தோஷப்பட்டான். அப்புறம் "ப்ரீபெய்டு டாஸ்க்", பணம் கட்டினால் கூடுதலாகத் திரும்பும் என்றார்கள். கட்டினான். எடுக்கப் போனால் வரி கட்டு என்றார்கள். அவன் அக்கா நகைக்கு வைத்திருந்த பணம் அது. இப்படி நடந்தால் வெட்கப்பட்டு மூடிவைக்காமல் அந்த நிமிடமே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

ஃபார்ம் நிரப்புகிற வேலையும் அதே ரகம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, தப்பு அதிகம் என்று சொல்லி, வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி மிரட்டுவார்கள். பயந்து காசு கட்டாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவரிடம் பேச்சே வைத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு முடங்குவதோடு போலீஸும் வாசலுக்கு வரும்.

வங்கி என்றதும் ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு ஒரு விவரம் கேட்டு வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "வீட்டுக்காரர் சவூதியா, துபாயா?" என்றார். என் வீட்டுக்காரர் தக்கலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் சம்பாதித்தது சார் என்றேன். என்ன வேலை, எந்தக் கம்பெனி, சம்பளச் சீட்டு எங்கே? பின்னொரு சமயம் லேப்டாப்புக்கு லோன் கேட்டபோதும் அதே சம்பளச் சீட்டு. மூன்று வருட வருமான வரிக் கணக்கை நீட்டினேன். "இருந்தாலும் வீட்டுக்காரரை ஒரு தடவை வரச் சொல்லுங்க." அவருடைய கடைக் கணக்கைவிட என் கணக்கு ஒழுங்காக இருந்தது. கல்ஃப் பணத்தில் பாதி வீடு எழும்பிய மாவட்டத்தில், டாலர் ஒரு பெண்ணின் பெயருக்கே நேராக வரும் என்பது இன்னும் யாருக்கும் புரியவில்லை. வீட்டிலும் கதை வேறில்லை. "சும்மாதானே இருக்க மக்களே, ரெண்டு நாள் முன்னாடியே கல்யாண வீட்டுக்கு வந்துரு" என்று மைனி இப்போதும் சொல்கிறாள்.

சரி, பணம் வாங்குகிற வழிக்கு வருகிறேன். பேபால் என்ற இணையப் பணப்பரிமாற்றச் சேவை 2021 ஏப்ரலிலிருந்து நம் நாட்டுக்குள் அனுப்ப உதவாது, வெளிநாட்டிலிருந்து வாங்க உதவும். கட்டணம் 4 சதவீதத்தைத் தாண்டும், டாலரை ரூபாயாக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். ரேட் சொல்லும்போதே அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். புது ஆள் என்றால் பாதி முன்பணம் கேளுங்கள், நியாயமானவர் யாரும் கோபிக்க மாட்டார்.

உங்களுக்கு மலையாளம் காதில் விழுந்தால் புரியுமா, எழுதவும் வருமா என்பதைக் கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள். எந்தக் குழுவில் சேரலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். வாட்ஸ்அப் நம்பர் மட்டும் கேட்காதீர்கள். போன தடவை ஒரு பதிலில் கொடுத்துவிட்டு, "லைக் போட்டா காசு வருமா அக்கா" என்று வந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனேன்.