எத்தனை விதி போட்டாலும் குழுவில் சண்டை நிற்கவில்லை, என்ன செய்வது?

இணையத்தில் ஒரு விவாதக் குழுவுக்கு அட்மினாக இருப்பதாகவும், 23 விதிகள் போட்டும் அடிதடி ஓயவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என்னுடையது 17.

புத்தகம் படிப்பவர்கள் பேசிக்கொள்ளும் குழு அது. என் முதல் விதி, ‘அனைவரும் நாகரிகமாகப் பேசவும்’. அதை மீறிவிட்டேன் என்று ஒருவர்கூட ஒப்புக்கொண்டதில்லை. எல்லோரும் நாகரிகமாகத்தான் பேசினார்களாம், எதிராளிதான் இல்லையாம். அப்புறம் எது நாகரிகம் என்பதே தனிச் சண்டையாகி இரண்டு நாள் ஓடும்.

வெறுத்துப்போய் அதை எடுத்துவிட்டு, ‘யாரையும் ஒருமையில் விளிக்கக் கூடாது’ என்று மாற்றினேன். இது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். ‘உனக்கு என்ன தெரியும்’ என்று எழுதியிருந்தால் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். நோக்கத்தை ஆராய வேண்டியதில்லை. ‘நீங்கள்’ போட்டே ஆளை அறுக்கத் தெரிந்தவர்கள் உண்டு என்பதும் உண்மை. ‘தங்களைப் போன்ற மேதைகள்’ என்று யாராவது தொடங்கினாலே நான் உஷாராகிவிடுவேன். ஆனாலும் ‘நீ’யிலிருந்து ‘டேய்’க்குப் போகிற வேகம் ‘நீங்கள்’ என்று எழுதும்போது வருவதில்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் கண்ணைத் திறந்தது ஆங்கில விக்கிப்பீடியா. அங்கே ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மற்றவர் செய்த மாற்றங்களை நீக்கிப் பழையபடி ஆக்கினால் தடை விழலாம். அப்பட்டமான விஷமத்தைத் திருத்துவது போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி ‘நான் சொன்னதுதான் சரி’ என்பது அங்கே சாக்காகாது. அதைப் பார்த்து, ஒரே இழையில் (ஒரு பதிவின் கீழ் தொடரும் உரையாடலில்) ஒரே ஆளுக்கு ஒரு நாளில் மூன்று பதில்தான் என்று வைத்தேன். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். நாலாவது பதிலுக்கு மறுநாள் வரை காத்திருந்தவர்களில் பாதிப் பேர் அதை எழுதவே இல்லை. கோபமாக எழுதும் பதிலை ஓர் இரவு தள்ளிப்போடச் சொல்லும் அறிவுரை 1995-இல் வந்த இணைய நடத்தைக் குறிப்பான ஆர்எஃப்சி 1855-இலேயே இருக்கிறது. அறிவுரையாக இருந்தவரை என் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை, விதியாக்கியதும் கேட்டார்கள்.

இன்னும் இரண்டு: தனிச்செய்தியின் ஸ்க்ரீன்ஷாட்டைப் பொதுவில் போடக் கூடாது, ஒருவருடைய சாதி, மதம், வேலையைத் தோண்டிவந்து வாதத்தில் வைக்கக் கூடாது. மொத்தம் நான்கே விதி.

சரி, விதி போட்டால் வேலை முடிந்ததா? நான் சறுக்கியது அதற்கப்புறம்தான். நெடுநாள் நண்பர் ஒருவர் விதியை மீறினார். ‘அண்ணே, அதைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன்’ என்று தனியாகச் செய்தி அனுப்பினேன். அதே வாரம் புதிதாக வந்த ஒருவர் அதையே செய்தார். அவரை எல்லோர் முன்னாலும் கண்டித்து வெளியேற்றினேன். நண்பருடைய பதிவைப் பார்த்திருந்த ஒருவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒன்பது பேர் வெளியேறினார்கள், அதில் நன்றாக எழுதக்கூடிய மூன்று பேரும் போனார்கள். வெளியேற்றியவரை மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்தேன், வரவில்லை.

அதிலிருந்து யாராக இருந்தாலும் முதல் எச்சரிக்கை தனிச்செய்தியில்தான். சபையில் வைத்துத் திட்டினால் ஆள் நமக்குப் பதில் சொல்வதில்லை, வேடிக்கை பார்ப்பவர்களுக்காகப் பேச ஆரம்பித்துவிடுகிறார். பதிவை நீக்கினால் எந்த விதிப்படி என்று ஒரு வரி போட்டுவிடுவேன்.

நீங்களே வாதாடுகிற இழையில் நீங்களே எதையும் நீக்காதீர்கள். அதை இன்னொரு அட்மினிடம் விட்டுவிடுங்கள். எனக்கு அப்படி ஒருவர் கிடைக்க ஒரு வருடம் ஆயிற்று. அதுவரை என் சொந்தக் குழுவிலேயே எந்த விவாதத்திலும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.