ஏழு பேர் வந்த திரையிடல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

எங்கள் கல்லூரியில் இரண்டு நாள் கேமிங் விழா நடத்தினோம். வேலரண்ட், பிஜிஎம்ஐ போட்டிகள்தான் பிரதானம். நான் சினிமா கிளப்பிலும் இருப்பதால் பக்கத்து செமினார் ஹாலில் ஒரு திரையிடலும் ஏற்பாடு செய்தேன். பிரபலமான கேம்களை வைத்து ஹாலிவுட்டில் எடுத்த இரண்டு படங்கள். அறுபது நாற்காலி போட்டோம், ஏழு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் ஏசிக்காக வந்தவர்கள், ஒருவன் போனுக்கு சார்ஜ் போட இடம் தேடி வந்தவன். ‘பந்திக்கு வந்தவனைப் பிடித்துப் பாடம் நடத்துகிறாயே’ என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் சிரித்தார். ஆனால் அமெரிக்காவில் ஜென் கான் போன்ற பெரிய விளையாட்டு விழாக்களில் தனியாகத் திரைப்பட விழாவே நடக்கிறதே? ஆட வந்த கூட்டம் அங்கே மட்டும் எப்படி உட்கார்ந்து படம் பார்க்கிறது? அடுத்த வருடம் இதை விட்டுவிடலாமா?

எம்., கோயம்புத்தூர்

அன்புள்ள எம்.,

ஏழு பேர் என்பது அவ்வளவு மோசமில்லை. நான் நடத்திய ஒரு கூட்டத்துக்கு மைக் செட்காரரையும் சேர்த்து ஐந்து பேர்தான் வந்தார்கள்.

உங்கள் ஒருங்கிணைப்பாளர் சொன்னதில் பாதி சரி. ஆட வந்தவன் படம் பார்க்க மாட்டான் என்பதை நான் ஏற்கவில்லை. நீங்கள் அவனுக்குக் காட்டியது அவனுடைய படம் இல்லை. கேமை வைத்து ஹாலிவுட்டில் எடுக்கும் படம் பெரும்பாலும் அந்த கேமை ஆடாதவனையும் தியேட்டருக்கு இழுப்பதற்காக எடுக்கப்படுவது. கதையை முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருக்கும். முந்நூறு மணி நேரம் ஆடியவனுக்கு அதில் என்ன இருக்கிறது? அவன் போனில்கூட அதைப் பார்த்திருப்பான்.

நான் சொல்ல வருவது இன்னொரு வகைப் படம். கேமுக்கு உள்ளேயே, அதன் பாத்திரங்களை விசைப்பலகையால் ஆட்டுவித்து எடுப்பது. மெஷினிமா என்று பெயர். அதற்கென்று நடந்த முதல் திரைப்பட விழா எங்கே நடந்தது தெரியுமா? 2002 ஆகஸ்டில், டெக்சாஸ் மாநிலத்தின் மெஸ்கீட் நகரில், குவேக்கான் என்ற கேமிங் விழாவுக்கு நடுவில்.

குவேக்கான் எப்படிப்பட்ட இடம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். குவேக் என்ற சுடும் விளையாட்டு 1996 ஜூனில் வந்தது. அதே வருடமே அதன் ரசிகர்கள் டல்லாஸ் பக்கத்தில் தங்கள் கணினிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு ஓட்டலில் கூடி ஆட ஆரம்பித்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். அவரவர் கம்ப்யூட்டரை அவரவரே கொண்டுவர வேண்டும். 2002 என்றால் பெட்டி மானிட்டர் காலம், தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டிய கனம். அப்படிச் சுமந்து வந்தவன் அதை விட்டு எழுந்து வேறு அறைக்குப் போய்ப் படம் பார்ப்பதென்றால் அதற்குக் காரணம் வேண்டுமில்லையா?

காரணம் 1996 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. குவேக்கில் ஆட்டத்தைப் பதிவு செய்யும் வசதி இருந்தது. டெமோ என்பார்கள். அது வீடியோ இல்லை. யார் எந்த இடத்தில் நின்றார், எந்தப் பக்கம் திரும்பினார், எப்போது சுட்டார் என்ற தகவல்கள் மட்டும் அடங்கிய கோப்பு. கேமில் போட்டால் அது எல்லாவற்றையும் மறுபடி நடத்திக் காட்டும். நாடகப் பிரதி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், மேடையும் நடிகரும் உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கிறார்கள். டயல்-அப் காலத்தில் இது பெரிய வரம். முதலில் எல்லோரும் தங்கள் வெற்றியைக் காட்டத்தான் இதைப் பயன்படுத்தினார்கள், ஆடுகிறவனின் கண் வழியாகவே எல்லாம் தெரியும்.

ரேஞ்சர்ஸ் என்ற குழு அதை மாற்றியது. அவர்களில் ஒருவர் டெமோ கோப்பை வெட்டி ஒட்டவும், பார்வைக் கோணத்தை எந்த ஆட்டக்காரனுடையதாகவும் இல்லாமல் தனியே ஓரிடத்தில் நிறுத்தவும் தானே நிரல் எழுதினார். அங்கே கேமரா பிறந்துவிட்டது. ‘டைரி ஆஃப் எ கேம்பர்’ என்ற அந்தப் படம் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பிஜிஎம்ஐ ஆடுகிற உங்களுக்குக் கேம்பர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மூலையில் பதுங்கி உட்கார்ந்து வருகிறவர்களைச் சுடுகிற ஆள். படத்தில் குழு ஒன்று உள்ளே வருகிறது, முன்னால் அனுப்பிய இரண்டு பேரைப் பதுங்கியிருப்பவன் கொன்றுவிடுகிறான், மற்றவர்கள் அவனைச் சுட்டுச் சிதறடிக்கிறார்கள். கீழே கிடக்கும் தலையைப் பார்த்தால் ஜான் ரொமேரோ! குவேக்கை உருவாக்கியவர்களில் ஒருவர். இரண்டு மாதம் முன்புதான் அதைத் தயாரித்த நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார். வசனம் எல்லாம் திரையில் எழுத்தாக ஓடும், குரல் கிடையாது.

இதை ஒரு திரைப்படச் சங்கத்தில் போட்டுப் பாருங்கள். பழுப்பு நிறச் சுவர், கட்டம் கட்டமான பொம்மைகள், திடீரென்று ஒரு தலை. யாரும் சிரிக்க மாட்டார்கள். கேம்பர் மேல் உள்ள எரிச்சல், அந்த மேப்பின், அதாவது ஆட்டக்களத்தின், மூலைமுடுக்கு, ரொமேரோவின் பெயர் மூன்றும் தெரிந்தவன்தான் சிரிப்பான். இந்தப் படங்களுக்குப் பார்வையாளன் ஏற்கெனவே உள்ளே இருக்க வேண்டும். கூத்தில் துரியோதனன் யாரென்று யாரும் விளக்குவதில்லை, அது போல.

டெமோவில் ஒரு கஷ்டம் உண்டு. இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்களில் நான் பிரவுசிங் சென்டரில் குவேக்கின் மூன்றாம் பாகத்தை ஆடிக்கொண்டிருந்தபோது நண்பன் ஒரு சிடியில் சில டெமோக்களைக் கொண்டுவந்தான். ஒன்றும் ஓடவில்லை. கோப்பின் பெயர் 66 என்ற எண்ணில் முடிந்தது, சென்டரில் இருந்த கேமுக்கு 68 வேண்டும். அப்டேட் வந்தால் பழைய படம் செத்துவிடும் என்ற நிலை! அதற்கு மேல், ஏமாற்றி ஆடுகிறவர்களுக்கு உதவும் என்று பயந்து நிறுவனம் அந்த கேமின் கோப்பு அமைப்பை வெளியிடுவதையும் தடுத்தது. எடிட் செய்யும் கருவிகள் அதோடு நின்றுபோயின. 2000இல் ‘குவாட் காட்’ என்ற படத்தைச் சாதாரண வீடியோவாகவே வெளியிட்டபோது பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் கேம் இல்லாதவனும் பார்க்கலாம், சுவரில் பெரிதாகவும் காட்டலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

அதனால் 2002 குவேக்கானில் திரை கட்டியது தனித்தனி அறைகளில் தனித்தனி மானிட்டரில் பார்த்தவர்களை முதல் தடவை ஒரே இருட்டில் உட்கார வைத்தது. அந்த வருடச் சிறந்த படம் ‘அனாக்ரொனாக்ஸ்: த மூவி’. குவேக் இரண்டாம் பாகத்தின் எஞ்சினில் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) செய்த ஒரு கேமின் காட்சிகளையே கோத்த படம், இரண்டரை மணி நேரம் ஓடும். (இதை மட்டும் உங்கள் ஹாலில் போட்டுவிடாதீர்கள்.)

எனக்குப் பிடித்தவர்கள் நியூயார்க்கின் இல் கிளான் குழு. குவேக் ஆட்டக்காரனின் கையில் ஆரம்பத்திலிருந்தே ஒரு கோடரி உண்டு. இவர்களுடைய நாயகர்கள் லாரி, லென்னி என்ற இரண்டு மரவெட்டிகள், வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள். கொலைக்களமான கேமில் வீடு தேடும் காமெடி! இந்தக் குழு பின்னால் மேடைக்கு முன்னால் ஆள் உட்கார வைத்து நேரடியாகவே ஆட்டியும் பேசியும் காட்டியது. பொம்மலாட்டம்தான், கயிறுக்குப் பதில் விசைப்பலகை.

அப்புறம் ‘ரெட் வெர்சஸ் ப்ளூ’, 2003இல் தொடங்கிய தொடர், ஹேலோ கேமில் எடுத்தது. எல்லோரும் ஹெல்மெட் போட்டவர்கள், வாய் அசைக்க வேண்டிய வேலை இல்லை, பேசுகிறவன் தலையை ஆட்டினால் போதும். ஆனால் ஹேலோவில் துப்பாக்கியை எப்போதும் நீட்டிப் பிடித்தபடிதான் நிற்க முடியும், நண்பர்கள் அரட்டையடிப்பதாக எப்படிக் காட்டுவது? ஒரு பிழை கைகொடுத்தது. கையில் பிஸ்டலை வைத்துக்கொண்டு நேராகத் தரையைப் பார்த்தால், மற்றவர்கள் கண்ணுக்கு அந்தப் பாத்திரம் துப்பாக்கியைத் தாழ்த்தி நேரே பார்ப்பதாகத் தெரியும். அதாவது அந்தக் காட்சிகளில் நடித்தவர்கள் எல்லோரும் அவரவர் திரையில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஹேலோவில் ஆயுதத்தைத் தாழ்த்துவதற்கென்றே ஒரு வழி வைத்துவிட்டார்கள். 2004இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரிலேயே தொடரைத் திரையிட்டார்கள். அங்கே கைதட்டியது வசனத்துக்கு. துப்பாக்கி தாழ்வதைப் பார்த்து ‘இதை எப்படிச் செய்தான்’ என்று நாற்காலி நுனிக்கு வருகிறவன் உங்கள் போட்டி ஹாலில்தான் இருக்கிறான்.

விட்டுவிட வேண்டாம், படத்தை மாற்றுங்கள். நீளமாக எதுவும் வேண்டாம். முதலில் அந்தக் கேம்பர் படம். பிறகு 2005இல் பாரிஸ் புறநகர்க் கலவரத்தைப் பற்றி அலெக்ஸ் சான் எடுத்த ‘த ஃப்ரெஞ்ச் டெமாக்ரசி’, பதின்மூன்று நிமிடம். ஆடுகிறவரே சினிமா ஸ்டுடியோ நடத்துவதாக அமைந்த ஒரு கேமில் எடுத்தது. அதில் பாரிஸ் செட் இல்லாததால் பாரிஸ் மெட்ரோவுக்கு நியூயார்க் சப்வேயைப் போட்டு ஒப்பேற்றியிருப்பார், அதைக் கேலி செய்யாமல் பார்க்கச் சொல்லுங்கள். முழு நீளம் வேண்டுமென்றால் 2024இல் வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஹேம்லெட்’ இருக்கிறது. லாக்டவுனில் வேலையில்லாத இரண்டு நடிகர்கள் ஜிடிஏ ஆன்லைன் என்ற கேமுக்குள் ஷேக்ஸ்பியர் போடப் பார்க்கிறார்கள், வசனம் பேசும்போதே வழிப்போக்கன் வந்து சுடுகிறான். ஆனால் அதற்கு முறையாக அனுமதி வாங்குங்கள், ஓடிடி சந்தா வைத்திருப்பதால் ஹாலில் போட உரிமை வந்துவிடாது.

உங்கள் பையன்களிடமும் கேளுங்கள். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி, தாங்கள் ஆடும் கேமில் மூன்று நிமிடம் எடுத்துத் தரச் சொன்னால் பத்துப் படமாவது தேறும். எடுத்தவன் நண்பர்களை இழுத்துக்கொண்டு வருவான். அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவில் சர்வர் சரி செய்யும் நேரம் ஒன்று வருமே, அதில் வையுங்கள், போட்டி நடக்கும் அதே ஹாலில், அதே பெரிய திரையில். செமினார் ஹாலைச் சார்ஜ் போடுகிறவர்களுக்கே விட்டுவிடுங்கள், இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சேர்த்து வைத்தால் இன்னும் நல்லது.