வான் கோ படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

ஓவியர் வின்சென்ட் வான் கோவின் இறுதி நாட்களைச் சொல்லும் ‘லவிங் வின்சென்ட்’ (2017) திரைப்படம் குறித்து மலையக வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, ஹட்டனில் நீண்ட காலம் சித்திரம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (தலவாக்கலை, ஒரு தாய்): ஐயா, இது கார்ட்டூன்தானே என்று எட்டு வயது மகன் கேட்கிறான். காட்டலாமா?

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. நூறுக்கும் மேற்பட்ட ஓவியர்கள், விநாடிக்கு 12 ஓவியங்கள் என்ற கணக்கில், ஏறக்குறைய 65,000 காட்சிகளை எண்ணெய்ச் சாயத்தால் கையாலேயே தீட்டியிருக்கிறார்கள். தீட்டியதைப் படம் பிடித்து, அதே துணியில் சிறிது மாற்றித் தீட்டி, மறுபடியும் படம் பிடித்த உழைப்பு அது. ஆனால் கதை பெரியவர்களுக்கானது: ஓவியர் இறந்து ஓராண்டுக்குப் பின், அவருடைய கடைசிக் கடிதத்தைக் கொண்டு செல்லும் தபால்காரரின் மகன், அந்த மரணத்தை விசாரிக்கிறான். பதின்மூன்று வயதுக்குப் பிறகு பார்க்கட்டும்.

கேள்வி (பொகவந்தலாவை, ஒரு தந்தை): நாங்கள் லயத்தில் இருக்கிறோம். சிறியவனை அனுப்புவதற்கு வேறு அறை இல்லை.

பதில்: அவன் உறங்கிய பின் பாருங்கள். குடி, புகை, காதை அறுத்துக்கொண்ட சம்பவம் எல்லாம் வருகின்றன. பழைய நினைவுகள் கறுப்பு வெள்ளையில் வருவதால் இரத்தத்தின் சிவப்பு கண்ணில் அறைவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

கேள்வி (பண்டாரவளை, ஒரு தாய்): எங்கள் உறவில் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தரம் 9 படிக்கும் மகள் இதைப் பார்க்க விரும்புகிறாள். பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது, எனக்கும் இந்தப் படத்தில் உறுத்துவது காது அல்ல, இதுதான். 1890 ஜூலை 27ஆம் திகதி குண்டுக் காயத்தோடு விடுதிக்குத் திரும்பிய வின்சென்ட், தம்பி தியோ அருகிலிருக்க, இரண்டு நாட்களின் பின் 37 வயதில் இறந்தார். அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. படமோ அதை ஒரு துப்பறியும் புதிராக நீட்டிக்கொண்டு போகிறது. துக்கம் ஆறாத வீட்டிலுள்ள பிள்ளைக்கு அது வெறும் புதிராக இருக்காது. ஆகவே முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். பிறகு அவளோடு அமர்ந்து, இடையில் நிறுத்தி, இறந்த உறவினரைப் பற்றி அவள் கேட்பதற்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். அவள் உறக்கமின்றியோ ஒதுங்கியோ இருந்தால் படத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி (நானுஓயா, ஒரு தந்தை): மகள் நன்றாக வரைகிறாள். ஓவியர்களுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: நோய் முற்றிய நாட்களில் வின்சென்டால் பெரும்பாலும் தூரிகையைத் தொடவே முடியவில்லை. தெளிந்த இடைவெளிகளில்தான், 1889 ஜூனில் தீட்டிய ‘விண்மீன் இரவு’ உட்பட, அவர் வரைந்தார். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 860 எண்ணெய் ஓவியங்களை முடிக்க அவரைத் தாங்கியது பைத்தியம் அல்ல, தியோ மாதந்தோறும் அனுப்பிய பணம். மகளைச் சாதாரண தரத்துக்குச் சித்திரப் பாடம் எடுக்க விடுங்கள்.