மாடி வீட்டில் வளரும் நாய்க்கும் எலிக்காய்ச்சல் தடுப்பூசி தேவையா? மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

கட்டாயம் தேவை. அதுவும் நீங்கள் சென்னையில், வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம். நாய் மூன்றாவது மாடியில் இருந்தாலும் ஒன்றுக்குப் போகக் கீழே இறங்கத்தானே வேண்டும்? கார் நிறுத்துமிடத்தில் பெருச்சாளி ஓடாத அடுக்குமாடியை நான் இன்னும் பார்க்கவில்லை.

எலி கடித்தால்தான் இந்தக் காய்ச்சல் வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இதற்குக் காரணமான லெப்டோஸ்பைரா (சுருக்கமாக லெப்டோ) கிருமி எலியின் சிறுநீரகத்தில் அதற்குப் பெரிய தொந்தரவு எதுவும் தராமல் குடியிருந்து, சிறுநீரோடு வெளியே வந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறுநீர் கலந்த குட்டைத் தண்ணீரை நாய் நக்கினாலே போதும், காலில் சின்னச் சிராய்ப்பு இருந்து அதில் நடந்தாலும் போதும். நன்றாகக் காய்ந்த தரையில் கிருமி சீக்கிரம் செத்துவிடும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். அதனால் நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கண்டம்.

சரி, ஊசி விஷயம். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று சொல்கிறவர்களிடம் நான் கார்டை எடுத்துக் காட்டச் சொல்வேன். ரேபிஸ் ஊசி வேறு, இது வேறு. குட்டியாக இருக்கும்போது முதலில் போடும் பப்பி டிபி (டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்கானது) ஊசியில் லெப்டோ கிடையாது. கார்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டிஎச்பிபிஐ (DHPPi, பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி) என்பதோடு 'எல்' (L) என்ற எழுத்தோ, 'லெப்டோ' என்ற பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனி ஊசிகளில் ஒரு குப்பியில் உலர்ந்த மருந்தும் இன்னொன்றில் திரவமும் இருக்கும். அந்தத் திரவத்தில்தான் லெப்டோ மருந்தே இருக்கும். அதற்குப் பதிலாக வெறும் கரைப்பானைக் கலந்து போட்டிருந்தால், டிஸ்டெம்பருக்கும் பார்வோவுக்கும் பாதுகாப்பு உண்டு, எலிக்காய்ச்சலுக்குக் கிடையாது.

முதல்முறை போடும்போது இரண்டு டோஸ், இடையில் இரண்டிலிருந்து நான்கு வாரம். அப்புறம் வருடா வருடம் ஒன்று. பார்வோ மாதிரி மூன்று வருடம் தாங்கும் ஊசி இல்லை இது, பாதுகாப்பு சுமார் ஒரு வருடம்தான். ரொம்ப நாள் விட்டுப்போயிருந்தால் மறுபடி இரண்டு டோஸிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் எங்கள் நாய்க்கு ஆகஸ்டிலேயே போட்டுவிடுவேன், தேதி மழைக்கு முன்னால் விழுந்தால்தான் அந்த ஒரு வருடக் கணக்கு நமக்கு உபயோகம். போட்டதும் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்காருங்கள், சின்ன ஜாதி நாய்களுக்குச் சில சமயம் முகம் வீங்கும்.

ஆனால் இந்தக் கிருமியில் பல வகை உண்டு, ஊசியில் இருப்பது சில வகைகள்தான். அதனால் ஊசி போட்ட நாயையும் தேங்கிய தண்ணீரில் ஆட விடாதீர்கள். ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வெளியே வைக்காதீர்கள், பெருச்சாளிக்கு நீங்களே விருந்து வைப்பது மாதிரி ஆகிவிடும். தண்ணீர்க் கிண்ணமும் உள்ளேயே இருக்கட்டும். தீவன மூட்டையை மூடி போட்ட டப்பாவில் கொட்டி வையுங்கள். எலி விஷம் மட்டும் வேண்டவே வேண்டாம், அதை நாய் தின்றுவிட்டால் அது தனிக் கதை.

இவ்வளவுக்குப் பிறகும் நாய் திடீரென்று சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், வாந்தி எடுத்தால், தொட்டால் வலியில் சிணுங்கினால், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கண்ணும் ஈறும் மஞ்சளாகும்வரை காத்திருந்தால் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும். சில நாய்களுக்கு மஞ்சள் வருவதே இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு வாங்கி மிச்சம் இருக்கும் டாக்சிசைக்ளின் ஆன்டிபயாடிக்கை நீங்களாகக் கொடுக்காதீர்கள். இதற்கும் அதே மருந்துதான், ஆனால் நாலு மாத்திரை உள்ளே போனபின் பரிசோதனை செய்தால் கிருமி சிக்காமல் போகலாம். நமக்கு வைத்திருக்கும் காய்ச்சல், வலி மாத்திரைகளை அதைவிடவும் தொடக்கூடாது. சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு லெப்டோவுக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. ஆரம்பத்தில் எடுத்த ரத்தத்தில் நெகட்டிவ் வந்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால் காசு பிடுங்குகிறார்கள் என்று கோபப்படாதீர்கள், பரிசோதனையில் தேடும் எதிர்ப்பொருள் உடலில் உருவாக அவ்வளவு நாள் ஆகும்.

இது நமக்கும் தொற்றும், அதனால் நோய் உறுதியானால் நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத் துடைத்து, பிளீச்சிங் கலந்த தண்ணீரால் கழுவுங்கள். குணமானது போலத் தெரிந்தாலும் மாத்திரையைச் சொன்ன நாள்வரை முழுசாகக் கொடுங்கள், இல்லையென்றால் சிறுநீரகத்தில் தங்கிய கிருமி வெளியே வந்துகொண்டேயிருக்கும். அந்தச் சமயத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால், நாய்க்கு லெப்டோ என்பதை உங்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.