கேட்டது எந்தப் பிரதி?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1980களின் நடுவில், கல்லூரியில் படித்தபோது, ஆங்கில ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை ரெக்கார்டிங் சென்டரில் சி-90 கேசட்டில் பதிவு செய்து வாங்கினேன். அண்மையில் அதே ஆல்பத்தை என் மகள் கைபேசியில் போட்டுக் காட்டினாள். எல்லாப் பாட்டும் மந்தமாகவும் சுருதி இறங்கியும் ஒலிக்கின்றன. கடைசிப் பாட்டுக்குப் பின் என் கேசட்டில் வரும் ஒரு கிட்டார் இசைத் துண்டும் இதில் இல்லை. என் காதுக்கு வயதாகிவிட்டதா, ஆல்பத்தை மாற்றிவிட்டார்களா? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் இல்லை. 1973 மார்ச்சில் வெளிவந்த ஆல்பம்தான் உங்கள் மகளின் கைபேசியில் இருக்கிறது. உங்களிடம் இருந்தது ரெக்கார்டிங் சென்டர்காரரின் கைவண்ணமும் சேர்ந்த பிரதி.

முதலில் சுருதி. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். நாள் முழுவதும் ஓடி பெல்ட் தளர்ந்துபோன ஒரு டெக்கில் (பதிவுக் கருவியில்) நாடா சற்றே மெதுவாக ஓடும்போது பாட்டைப் பதிந்து, பிறகு அதை வீட்டில் சரியான வேகத்தில் ஓடும் டேப் ரெக்கார்டரில் போட்டால் பாட்டு விரையும், சுருதியும் ஏறும். வேகம் நூற்றுக்கு 6 பங்கு கூடினால் ஒரு கட்டையில் இருந்த பாட்டு ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடும். 3 பங்கு கூடினாலே அதில் பாதித் தொலைவு ஏறிவிடும். பல ஆண்டுகள் அப்படியே கேட்டுப் பழகிய காதுக்கு மூலப் பதிவு சோம்பலாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அடுத்து, அந்தக் கிட்டார் துண்டு. ஆல்பத்தின் நீளம் ஏறத்தாழ 43 நிமிடம். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். மிச்சமிருக்கும் இரண்டு நிமிடத்தை வெறுமனே விட்டால் வாடிக்கையாளர் குறை சொல்வார் என்று, கைக்கு எட்டிய ஏதாவது ஒரு பாட்டின் தொடக்கத்தைப் போட்டு நிரப்புவது சென்டர்காரர்களின் வழக்கம். கேசட்டின் மறுபக்கத்தில் எந்தக் குழுவின் ஆல்பம் இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அதே குழுவின் இன்னொரு பாட்டாக இருக்கும்.

இன்னொரு வேறுபாட்டை நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. இசைத்தட்டில் பாடகி கிளேர் டோரியின் சொல்லற்ற குரலோடு முதல் பக்கம் முடியும். கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பிய பிறகுதான் 'மணி' பாட்டின் கல்லாப்பெட்டிச் சத்தம் தொடங்கும். சி-90 கேசட்டில் முழு ஆல்பமும் ஒரே பக்கத்தில் அடங்கியதால், அந்த இடைவெளி உங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆல்பம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே, 1972 பிப்ரவரியில், லண்டன் ரெயின்போ தியேட்டரில் இந்தப் பாட்டுத் தொகுப்பை நேரில் கேட்டவர்களுக்கோ, 1973 ஜனவரியில்தான் பதிவான அந்தக் குரலே கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் கேசட்டைத் தவறான பிரதி என்று நான் சொல்ல மாட்டேன்.

கைபேசியில் கேட்கும்போது மட்டும் ஷஃபிளை நிறுத்திவிடுங்கள். ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டுக்குள் நுழையும்படி கோக்கப்பட்ட ஆல்பம் அது. வரிசையைக் கலைத்தால் பாட்டுகள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும்.

கேள்வி: 2002-இல் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பிங்க் ஃபிளாய்டின் முன்னாள் உறுப்பினர் ரோஜர் வாட்டர்ஸ் நிகழ்ச்சிக்கு நானும் நண்பரும் போயிருந்தோம். அவருடைய 'இன் தி ஃபிளெஷ்' நேரடி ஆல்பத்தைப் போட்டு, "அன்று கேட்டது இதேதான்" என்று நண்பர் சாதிக்கிறார். எனக்கு நினைவிருப்பதோ, வெகு பின்னால் நின்ற எங்களுக்கு டிரம்மரின் குச்சி இறங்கிய பிறகே சத்தம் வந்தது என்பதுதான். அது கற்பனை என்கிறார் அவர். யார் சொல்வது சரி? — வாசகர், சென்னை

பதில்: அந்த ஆல்பம் 2000-ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணத்தில் பதிவு செய்யப்பட்டு, அந்த ஆண்டின் இறுதியிலேயே வெளியானது. பெங்களூர் நிகழ்ச்சி அதற்குப் பிந்தியது. நண்பர் பொய் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை கேட்ட இசையின் மீது, பிறகு பலமுறை கேட்ட இசை படிந்துவிட்டது. உங்கள் நினைவு அந்த ஆல்பத்திலிருந்து வந்திருக்க முடியாது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், மின்னலுக்குப் பின் இடி வருவதுபோல, சத்தம் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் பின்தங்கும். அதற்குள் குச்சி மறுபடி மேலே எழுந்திருக்கும். நடுவில் துணை ஒலிபெருக்கிகள் வைத்திருந்தாலும், மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்து ஒலிக்கும்படி அவற்றையும் தாமதப்படுத்தியே இயக்குவார்கள். ஆகவே கண்ணுக்கும் காதுக்கும் உள்ள பிணக்கு தீராது. ஒலிப்பதிவில் இது இருக்கவே இருக்காது. கூட்டத்தில் பின்னால் நின்றவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி இது.

நேரடி ஆல்பங்களை அன்றைய நிகழ்ச்சியின் சாட்சியாகக் கொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. டீப் பர்ப்பிள் ராக் குழுவின் 'மேட் இன் ஜப்பான்' ஒரே மாலையில் நடந்த கச்சேரிபோல ஒலிக்கிறது. ஆனால் அது 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும், 17-இல் டோக்கியோவிலும் நடந்த மூன்று நிகழ்ச்சிகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. 'ஹைவே ஸ்டார்' 16-ஆம் தேதிப் பதிவு, 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' 15-ஆம் தேதிப் பதிவு, 'லேசி' டோக்கியோவில் பதிவானது. அந்தக் கச்சேரியை அதே வடிவில் கேட்ட ரசிகர் ஜப்பானிலேயே ஒருவரும் இல்லை! நேரடி ஆல்பங்களில் அதற்கு நிகரானது இல்லை என்பது என் கட்சி. அது வேறு விஷயம்.

வழக்கைத் தீர்க்க விரும்பினால், இருவரும் மேற்கொண்டு பேசாமல், நினைவில் இருப்பதைத் தனித்தனியே தாளில் எழுதுங்கள். பேசப் பேச ஒருவர் நினைவு மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த வாரத்துப் பெங்களூர் நாளிதழ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: 'ரீமாஸ்டர்' என்று போட்ட பதிப்பையே வாங்க வேண்டுமா? — வாசகர், தூத்துக்குடி

பதில்: கட்டாயமில்லை. பழைய மூலப் பதிவின் ஒலியைச் செப்பனிட்டு மறுபடி வெளியிடுவதுதான் ரீமாஸ்டர். சில ரீமாஸ்டர்கள் தெளிவு கூட்டுகின்றன. பல, மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களுக்குச் சமமாகத் தூக்கிவிடுகின்றன. புது ஆல்பங்களிலும் இந்த நோய் உண்டு: மெட்டாலிக்கா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' 2008-இல் வந்தபோது, குறுந்தட்டைவிட 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் இருந்த வடிவமே நன்றாக இருப்பதாக ரசிகர்கள் கொதித்தார்கள். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்கட்டும். உரத்து ஒலிப்பது எப்போதும் முதலில் மேலானதாகவே தோன்றும்.

கேள்வி: சென்னை ஐ.ஐ.டி.யின் கலைவிழா 'சாரங்' ஆவதற்கு முன், 'மார்டி கிரா' என்ற பெயரில் நடந்த நாட்களில், அங்கு நடந்த ராக் இரவுகளைக் கூட்டத்தில் அமர்ந்து டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தேன். பரணில் கிடக்கும் அந்தக் கேசட்டுகளையும் கடையில் வாங்கியவற்றையும் கணினிக்கு மாற்ற நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்? — வாசகர், நாகர்கோவில்

பதில்: கடையில் வாங்கியவற்றை விட்டுவிடுங்கள், அவை எங்கும் கிடைக்கும். விழாப் பதிவுகளை முதலில் எடுங்கள். இரைச்சலும் பக்கத்திலிருப்பவர் பேச்சும் கலந்திருந்தாலும் அவற்றுக்கு வேறு பிரதி இருக்க வாய்ப்பில்லை. இப்படி ரசிகர்கள் பதிவு செய்வதை ஆதரித்த அமெரிக்கக் குழுவான கிரேட்ஃபுல் டெட், 1984-இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது.

எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள். நாடாச் சுருளில் வெண்பூசணம் தெரிந்தால் அதைத் தனியே வையுங்கள். அதே டெக்கில் போட்டால் மற்றவற்றுக்கும் பரவும். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டுக்கு எதிரே நாடாவைத் தாங்கும் சிறு பஞ்சுப் பட்டை கழன்றிருந்தால் ஒலி மங்கி விட்டுவிட்டு வரும். வேறு கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்றினால் சரியாகும். ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, கேசட்டை ஒருமுறை முழுதும் முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். அதற்கும் முன்னால், கேசட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது.