வில் நாண்: மெழுகு பூசுவதா, மாற்றுவதா?

வாசகர் கேள்வி – பதில்

வில்வித்தை தொடர்பாக இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை நாண் பற்றியவையாக இருந்தமையால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் 68 அங்குல ரீகேர்வ் வில் (முனைகள் முன்னோக்கி வளைந்த வகை) ஒன்று இருக்கிறது. அதன் நாண் முழுவதும் பஞ்சு பிரிந்ததுபோல் மயிர் மயிராக எழும்பி நிற்கிறது. சில நண்பர்கள் உடனே மாற்றச் சொல்கிறார்கள். சிலர் மெழுகு பூசினால் போதும் என்கிறார்கள். எது சரி?
— மாணவர், உவர்மலை

பதில்: தம்பி, அந்த மயிர்களை மட்டும் பார்த்து நாணைத் தூக்கி எறிய வேண்டாம். நாண் என்பது பத்துப் பன்னிரண்டிலிருந்து இருபது வரையான இழைகளைச் சேர்த்து முறுக்கியது. ஒவ்வோர் இழையும் கண்ணுக்கு எளிதில் தெரியாத எண்ணற்ற நுண்ணிய நார்களால் ஆனது. மெழுகு காய்ந்துபோன நாணில் இழைகள் ஒன்றோடொன்று உராயும்போது வெளிப்புற நார்கள் சில அறுந்து எழும்பும். இது நாண் வறண்டிருக்கிறது என்பதற்கான அடையாளமே தவிர, அதன் பலம் போய்விட்டது என்பதற்கான அடையாளம் அன்று. ஆனால், நார்களை விட்டு முழு இழை ஒன்று அறுந்து தனியே தொங்கினால், அது ஒரேயோர் இழையாக இருந்தாலும், அந்த நாணை அன்றே கழற்றிவிட வேண்டும். அதை முடிச்சிட்டுப் பயன்படுத்துவது ஆபத்தானது.

மெழுகு பூசும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் மெழுகை நாணின் மேல் தேய்த்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முதலில் உலர்ந்த மெல்லிய துணியால் நாணின் தூசைத் துடைத்துவிடுங்கள். தூசோடு சேர்த்து மெழுகு பூசினால், அரம் போன்ற பொடியை இழைகளுக்குள் நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். பிறகு நாணுக்கென விற்கப்படும் மெழுகுக் கட்டியை மேலும் கீழும் இழுத்துத் தடவி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாணைப் பிடித்து, விரல் சுடும் அளவுக்கு விரைவாக உருவிவிடுங்கள். அந்தச் சூட்டில்தான் மெழுகு இளகி இழைகளின் உள்ளே இறங்கும். விரல் நோகுமென்றால் சிறு தோல் துண்டொன்றைப் பயன்படுத்தலாம். கடைசியில் மெல்லிய நூலொன்றை நாணைச் சுற்றி ஒரு முறை வளைத்து, மேலிருந்து கீழாக இழுத்தால் மிகுதி மெழுகு வெண்ணிறச் சுருளாகத் திரண்டு வந்துவிடும். மிகுதியை விட்டுவைத்தால் நாண் பாரமாகி அம்பின் வேகம் குறையும், மண்ணும் ஒட்டிக்கொள்ளும்.

நாணின் நடுவிலும் இரு முனைகளிலும் இறுகச் சுற்றப்பட்டிருக்கும் நூலுக்கு, வீரர்கள் ‘சேர்விங்’ என்று சொல்லும் அந்தச் சுற்றுநூலுக்கு, மெழுகு வேண்டாம். நடுச் சுற்றுநூலில் மெழுகு படிந்தால், நாணில் பொருத்தும் அம்பின் பின்புறப் பிளவு முனை அதில் ஒட்டிப் பிடிக்கும். மெழுகுதிரி மெழுகு காய்ந்ததும் நொறுங்கி உதிர்வதால் அது இதற்கு உதவாது. தேன்மெழுகு கிடைத்தால் பரவாயில்லை.

கேள்வி: நாங்கள் கடற்கரையோரத் திடலொன்றில் பயிற்சி செய்கிறோம். வேலைக்குச் செல்லும் நாள்களில் வில்லை வாகனத்திலேயே வைத்துவிட்டு மாலையில் எடுப்பது வழக்கம். ஒரே வகை நாண் கண்டியில் இருக்கும் என் உறவினருக்கு நெடுநாள் உழைக்கிறது, எனக்கு உழைப்பதில்லை. ஏன்?
— வாசகர், நிலாவெளி

பதில்: பதிலின் பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இன்றைய நாண்களில் பெரும்பாலானவை டைனீமா போன்ற உயர்வலுப் பொலிஎத்திலீன் நாரால் ஆனவை. இந்த நார் தண்ணீரை உறிஞ்சாது, எளிதில் நீளாது, எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலுவானது. ஆயினும் அதற்கு வெப்பம் ஆகாது. ஏறக்குறைய 150 பாகை செல்சியஸில் அது உருகிவிடும். 70 பாகைக்கு மேல் நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை வெய்யிலில் கண்ணாடி பூட்டி நிறுத்திய வாகனத்தின் உள்ளே வெப்பம் 60 பாகையைத் தாண்டுவது அரிதன்று. அந்தச் சூட்டில், அதுவும் வில் நாணேற்றிய நிலையில் இருந்தால், இழைகள் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும்; அப்படி நீண்டது திரும்பச் சுருங்காது. வில்லின் கைகளை, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளை, ஒட்டியிருக்கும் பசையும் அதே சூட்டில் இளகக்கூடும், அந்தச் செலவோடு ஒப்பிட்டால் நாணின் விலை ஒன்றுமேயில்லை. எனவே நாணை இறக்கி, வில்லை உங்களோடு நிழலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மறு பாதி மணலும் உப்பும். மணற்பரப்பில் வில்லைக் கிடத்தினால் நாணின் முனை வளையங்களுக்குள் புகும் மணல், ஒவ்வோர் எய்தலின்போதும் உள்ளிருந்தே இழையை அரிக்கும். வில்லைத் தாங்கியில் நிறுத்திவையுங்கள். பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாணையும் வில்முனைப் பள்ளங்களையும் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, பிறகு மெழுகிடுங்கள். வாடைக் காலத்து மழையில் நனைந்தாலும் இதையே செய்யுங்கள். நார் தண்ணீரை உறிஞ்சாவிட்டாலும் இழைகளுக்கு இடையே தங்கும் ஈரம் நாணைப் பாரமாக்கி அம்பைத் தாழ விழச் செய்யும். விரைவாகக் காயட்டும் என்று அடுப்பருகிலோ வெய்யிலிலோ வைக்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது கடற்றொழில் குடும்பம். வீட்டில் தங்கூசியும் வலை நூலும் தாராளமாக இருக்கின்றன. மகனின் வில்லுக்கு அவற்றால் நாண் செய்து கொடுக்கலாமா?
— தாயார் ஒருவர், திருக்கடலூர்

பதில்: தங்கூசியும் வலை நூலும் நைலோன். மீன் துள்ளும்போது அறுந்துபோகாமல் நீண்டு கொடுப்பது அதன் சிறப்பு. அந்தச் சிறப்பே வில்லுக்குக் கேடு. நாண் நீண்டு கொடுத்தால் வில்லில் சேர்ந்த விசையின் ஒரு பகுதி அம்புக்குப் போகாமல் நாணிலேயே வீணாகும். ஒவ்வோர் அம்பும் வெவ்வேறு உயரத்தில் விழும். அதனால் நாணாக வேண்டாம். பின்னல் வகைத் தூண்டில் நூல் உங்களிடம் இருந்தால் அது வேறு கதை. அவற்றுள் பல டைனீமா இன நாரால் ஆனவை என்பதால், அம்பு பொருத்தும் இடத்தைக் குறிக்கும் சிறு கட்டுகளைப் போட அவை மிக நன்றாக உதவும்.

கேள்வி: புதிய நாண் வாங்கி மாற்றப் போகிறேன். என்ன நீளத்தில், எத்தனை இழையில் வாங்க வேண்டும்? முதல் தடவையாக மாற்றுபவர் எதைக் கவனிக்க வேண்டும்? வில் 28 இறாத்தல் விசையுடையது.
— ஆசிரியை, சாம்பல்தீவு

பதில்: பழைய நாணைக் கழற்றுவதற்கு முன் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடியின் மிக ஆழமான இடத்திலிருந்து நாண் வரையுள்ள தூரம் முதலாவது; இதைப் ‘பிரேஸ் உயரம்’ என்பார்கள். அம்பு பொருத்தும் குறி, அம்பு தங்கும் இடத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பது இரண்டாவது. இவற்றைக் குறிக்காமல் நாணை இறக்குபவர், அதன் பிறகு பல நாள் மாலைகளைப் பழைய இலக்கைத் தேடுவதிலேயே செலவிட நேரும்.

நாண் உறையில் பெரும்பாலும் வில்லின் நீளமே அச்சிடப்பட்டிருக்கும். நாணின் உண்மையான நீளம் ரீகேர்வ் வில்லுக்கு அதைவிட ஏறத்தாழ 4 அங்குலமும், வளைவற்ற நீள்வில்லுக்கு ஏறத்தாழ 3 அங்குலமும் குறைவாக இருக்கும். வாங்கியதும் பழையதையும் புதியதையும் ஒரே ஆணியில் கொளுவி இழுத்துப் பாருங்கள். பழையது சற்று நீண்டிருப்பது இயல்பு. இழை எண்ணிக்கை நாரின் வகையைப் பொறுத்தது. டாக்ரோன் எனப்படும் பொலியெஸ்டர் நாணாக இருந்தால் உங்கள் 28 இறாத்தலுக்கு 10 இழை போதும். 35 முதல் 45 இறாத்தலுக்கு 12, அதற்கு மேல் 55 வரை 14 என்பது வழக்கம். டைனீமா இனத்தில் 16 முதல் 20 வரை இடுவார்கள். அங்கே கணக்கு வலுவைப் பற்றியதன்று, அம்பின் பிளவு முனைக்குப் பொருந்தும் பருமனைப் பற்றியது.

ஏற்றும்போது காலிடையே வில்லை நுழைத்து வளைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; அது வில்லின் கைகளைத் திருகிவிடும். நாணேற்றும் கயிற்றை வாங்குங்கள், விலை அதிகமில்லை. பெரிய வளையம் மேல் கைக்கு, சிறியது கீழ்க் கைக்கு. கயிற்றைக் காலால் மிதித்து, கைப்பிடியை மேலே இழுத்து, மேல் வளையத்தைப் பள்ளத்தில் இறக்குங்கள். இரு வளையங்களும் பள்ளத்தில் முழுமையாக அமர்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்து விரலால் தொட்டுணர்ந்த பின்பே மெல்லத் தளர்த்துங்கள். முகத்தை வில்முனைக்கு நேரே வைத்திருக்க வேண்டாம். இதற்கு முன்பே வில்முனைப் பள்ளத்தில் பஞ்சுத் துண்டொன்றை உருவிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே கூர்மையான பிசிர் இருக்கிறது, புதிய நாணையும் அது அறுக்கும்.

இனிப் பிரேஸ் உயரம். 68 அங்குல வில்லுக்கு அது பெரும்பாலும் 8½ முதல் 9 அங்குலத்துக்குள் அமையும். உங்கள் வில்லோடு வந்த குறிப்பில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நாணை முறுக்கினால் அது குறுகி இந்த உயரம் கூடும், முறுக்கைக் கழற்றினால் குறையும். சுற்றுநூல் எந்தப் பக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கமாகவே முறுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் முறுக்கினால் அது தளர்ந்து இடைவெளி விடும். புதிய நாணை ஏற்றி ஓர் இரவு விட்டுவைத்து, ஐம்பது அறுபது அம்புகள் எய்த பின் மீண்டும் அளந்தால் உயரம் குறைந்திருப்பதைக் காண்பீர்கள். இழைகளும் வளையங்களும் ஒழுங்காகப் படிவதுதான் அதற்குக் காரணம். திரும்ப முறுக்கிச் சரிசெய்து, உயரம் ஓரிடத்தில் நிலைத்த பிறகே அம்புக் குறியை நிரந்தரமாகக் கட்டுங்கள். அதன் பின்னும் நாளுக்கு நாள் உயரம் குறைந்துகொண்டே போனால் அந்த நாணில் ஏதோ ஓர் இழை விட்டுக்கொடுக்கிறது என்று பொருள். என்னைக் கேட்டால், எத்தனை மாதம் உழைத்தது என்று எண்ணுவதைவிட இந்த ஓர் அளவை ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் அளப்பதே மேல்.

அம்பு நாணில் எப்படிப் பிடிக்கிறது என்பதையும் பாருங்கள். அம்பை நாணில் பொருத்தி நுனி நிலத்தை நோக்கித் தொங்கவிட்டால் அது விழாமல் நிற்க வேண்டும். பக்கத்தில் நாணை விரலால் மெல்லத் தட்டினால் விழுந்துவிட வேண்டும். தட்டியும் விழாவிட்டால் சுற்றுநூல் தடிப்பு, தட்டாமலே விழுந்தால் மெலிவு. பின்னையது பெரிய அபாயம், ஏனெனில் இழுத்த நிலையில் அம்பு கழன்றால் நீங்கள் வெறும் நாணை விடுகிறீர்கள், அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லையே தாக்குகிறது. அப்படி நேர்ந்துவிட்டால் நாணையும் வில்லின் கைகளையும் அங்குலம் அங்குலமாகப் பரிசோதித்த பின்பே அடுத்த அம்பைத் தொட வேண்டும்.

கேள்வி: பாட்டனார் காலத்து மரவில் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதற்கு இப்போதைய வேகமான நாணைப் போடலாமா? அக்காலத்தில் எதை நாணாக்கினார்கள்?
— விவசாயி, தம்பலகாமம்

பதில்: போட வேண்டாம். டைனீமா நாண் மிகக் குறைவாகவே நீண்டு கொடுப்பதால் எய்தபின் வரும் அதிர்ச்சி முழுவதும் வில்முனைகளில் இறங்கும். வலுவூட்டப்படாத பழைய மரமுனை பிளந்துவிடும். டாக்ரோன் சற்று நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், அதுவே ஏற்றது. ஆனால் நெடுங்காலம் வளைக்காத மரத்தில் வெடிப்போ பூச்சி அரிப்போ இல்லையென்று உறுதியாகும் வரை நாணேற்றவே வேண்டாம். பண்டைய நாண்கள் விலங்கின் தசைநாராலும் மரவுரி, செடி நார்களாலும் ஆனவை. நம் வறண்ட காடுகளில் வாள்போல் நிமிர்ந்து நிற்கும் மருள் செடியின் இலைநாரும் அவற்றுள் ஒன்று. இலங்கையில் வளரும் அதன் இனத்தை ஆங்கிலேயர் ‘சிலோன் வில்நாண் சணல்’ என்றே குறித்தார்கள்.

கேள்வி: உருளைகளும் வடங்களும் கொண்ட கொம்பவுண்ட் வில்லின் நாணை வீட்டில் மாற்ற முடியுமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: முடியாது. வில்லின் கைகளை அழுத்திப் பிடிக்கும் பொறி இல்லாமல் அதன் நாணையோ வடங்களையோ கழற்ற முனைந்தால், அடங்கிக் கிடக்கும் விசை ஒரு நொடியில் வெளிப்பட்டுக் கையையும் கண்ணையும் பதம் பார்த்துவிடும். மெழுகு பூசுவதும், உருளைகளைச் சுற்றும் இடத்தில் சுற்றுநூல் விலகியிருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலை. மாற்றுவதைப் பொறி வைத்திருக்கும் பயிற்றுநரிடமோ கடையிடமோ விடுங்கள். மாற்றும்போது நாணை மட்டும் புதிதாக்காமல் வடங்களையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வயதில் இருந்தால்தான் இரு உருளைகளும் ஒன்றாகச் சுழலும்.